நான் மாற்றிச் சொன்ன சொல்
ஒரு பழைய மாணவி, சூலக்கரை



வெளிநாடு சென்று கல்வி கற்பது பற்றி ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று சகோதரி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பாஸ்போர்ட் எடுத்தவளே அல்ல. தெற்கே கன்னியாகுமரி, வடக்கே சென்னை, அவ்வளவுதான் நான் கண்ட உலகம். ஆனால் வெளிநாட்டு மாணவி ஒருவரோடு ஓராண்டு நெருங்கிப் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். “அதை எழுதலாமா?” என்று கேட்டேன். “எழுதுங்கள்” என்றார்கள்.

1982-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மதுரை லேடி டோக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் சேர்ந்தேன். கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1948-இல் தொடங்கிய கல்லூரி அது. சூலக்கரையிலிருந்து தகரப் பெட்டியோடு போன எனக்கு மதுரையே வெளிநாடாகத்தான் இருந்தது. அந்த நகரில் அமெரிக்க மாணவர்கள் சைக்கிளில் போவதும், புதுமண்டபத்தில் தமிழில் விலை பேசுவதும் அன்று சாதாரணக் காட்சி. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடத்திய திட்டம் ஒன்றில் அவர்கள் வருவார்கள். கோடை விடுமுறையில் மாடிசன் நகரில் தமிழ் கற்றுக்கொண்டு, பின் மதுரையில் ஒரு கல்வியாண்டு தங்கி, மேலும் தமிழ் படித்து, தங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றி நேரில் ஆராய்ந்து கட்டுரை எழுதவேண்டும்.

மதுரைக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1900-இல் சீனாவில் நடந்த பாக்ஸர் கிளர்ச்சியின்போது, அமெரிக்காவின் ஒபர்லின் கல்லூரியிலிருந்து போன மிஷனரிகள் ஷான்சி மாகாணத்தில் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாக 1908-இல் ஏற்பட்ட அமைப்புக்கு ‘ஒபர்லின் ஷான்சி’ என்று பெயர். 1949-க்குப் பின் சீனாவின் கதவு அடைபட்டதும் அவ்வமைப்பு ஆசியாவின் பிற நாடுகளை நாடியது. அப்படி நாடிய இடங்களில் மதுரையும் ஒன்று. அங்கே பட்டம் பெற்றவர்கள் இங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்தார்கள்; இங்குள்ள ஆசிரியர்கள் சிலர் அங்கே போய்வந்தார்கள். தம்மவரைக் கொன்ற ஊரோடு பகை வளர்க்காமல் பள்ளி வளர்த்தார்களே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் பேராசிரியை ஒருவர் மூலம் விஸ்கான்சின் மாணவி ஒருவர் எனக்கு அறிமுகமானார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆகவே அக்கா என்றே அழைத்தேன். அந்த அழைப்பு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவருடைய தமிழ் புத்தகத் தமிழும் கடைத்தெருத் தமிழும் கலந்த கலவை. “தண்ணி வேணும்” என்பார். அடுத்த மூச்சிலேயே “ஆகையால்” என்பார். விடுதித் தோழியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்வார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யும் கூலித்தொழில். “உன் ஊரில் தீப்பெட்டி ஒட்டுகிறார்களாமே, உன் வீட்டுக்கு வரலாமா?” என்று கேட்டார். சரி என்றேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நம் வட்டாரத்துக்குத் தீப்பெட்டி வந்ததே ஒரு வெளியூர்ப் படிப்பினால்தான். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து, மறு ஆண்டு சொந்த ஊரில் தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமியின் வறண்ட காற்று அதற்குத் தோதாக அமைந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தீப்பெட்டி வேலை தெரியாத வீட்டைக் காண்பது அரிது. என் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. கூலி குரோஸ் கணக்குத்தான். அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்கினார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஓட்டு வீடு அல்ல, என் தங்கை. ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோயிருந்தது. விடியுமுன் ஊருக்குள் வரும் பஸ்ஸில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்குவாள்; அதாவது சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவாள். அவள் நின்றது 1982 ஜூன் மாதம். நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதே மாதம். விடுதிக் கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. சத்துணவுத் திட்டம் அந்த ஜூலையில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்த காமராசர் பிறந்த ஊரோ எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில். என்ன செய்ய, எங்கள் வீட்டுக் குறை மதிய உணவு அல்ல, விடுதிக் கட்டணம்.

1984 பொங்கலுக்கு அக்காவை அழைத்துப் போனேன். திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டி விருதுநகரில் இறங்கி, வேறு பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை பிள்ளைகள் ஊர்வலமாக வந்தார்கள். அம்மா “வா தாயி” என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, பொங்கலும் கரும்பும் கொடுத்தார்கள். பண்டிகை நாளென்றாலும், மறுநாள் கொடுக்கவேண்டிய பெட்டி பாக்கி இருந்ததால், தங்கை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிய பெட்டிகள் அவளைச் சுற்றிக் குவிந்து கிடந்தன.

அம்மாவின் கரிசல் பேச்சு அக்காவுக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. ஆகவே நான் ஆங்கிலத்தில் சொல்லிவந்தேன். கூலி, பசை, மழைநாளில் பெட்டி காயாத தொல்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு அக்கா கேட்டார்: “சின்ன மகள் எந்த வகுப்பு?”

அம்மா ஒளிக்கத் தெரியாதவர்கள். “அவ ஏழாவதோட நின்னுட்டா தாயி. கட்டை அடுக்கப் போறா” என்றார்கள்.

நான் அக்காவிடம் ஆங்கிலத்தில், “எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், இப்போது பள்ளிக்கூட விடுமுறை” என்றேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தங்கைக்கு ‘ஸ்கூல்’ என்ற சொல் தெரியுமே! தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை. பெட்டியை மடித்துக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கும் கேட்க ஒன்று இருந்தது. “ஏன் தாயி, இம்புட்டு தூரம் வந்து படிக்கியே, உனக்கு யாரு காசு கட்டுறா?” அக்கா சற்றுத் தயங்கி, “அப்பா” என்று தமிழிலேயே சொன்னார். அம்மா மகிழ்ந்து தலையாட்டினார்கள்.

மதுரை திரும்பும் பஸ்ஸில் அக்கா குறிப்பேட்டைத் திறந்தார். “‘நின்னுட்டா’ என்று அம்மா சொன்னார்களே, அது என்ன? நிற்கிறாள் என்பதுதானே?” நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “ஆமாம், வாசலில் நின்றுகொண்டிருந்தாள் என்றார்கள்” என்றேன். தங்கை உட்கார்ந்திருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். இருந்தும் எழுதிக்கொண்டார்.

மார்ச் மாதம் கட்டுரையைத் தட்டச்சு செய்து, ஊர்ப் பெயர்களின் எழுத்துக் கூட்டலைச் சரிபார்க்கும்படி கார்பன் பிரதியை என்னிடம் தந்தார். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம். இந்த வீட்டில் இரண்டு பெண்களும் படிக்கிறார்கள், பெட்டி ஒட்டும் கூலியால் பெண் கல்வி வளர்கிறது என்று அழகாக எழுதியிருந்தார். என்னுடைய ஒரு வாக்கியம் அவர் கையில் ஓர் ஊரின் உண்மையாகி நின்றது! என் தங்கை அந்தப் பக்கத்தில் இல்லை. சீருடை அணிந்த வேறொரு பெண் இருந்தாள்.

இரண்டு நாள் அந்தத் தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்து, “நானும் உன் அம்மாவிடம் பொய் சொன்னேன்” என்றார். அப்பா பணம் கட்டவில்லையாம். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். கடன் வாங்கியும், அங்கே விடுதிச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவியும்தான் படிக்கிறாராம். குடும்பத்தைப் பெரிதாக மதிக்கும் ஒரு வீட்டில் அதைச் சொல்ல நா எழவில்லை என்றார். பாத்திரம் கழுவியதைச் சொல்லியிருந்தால் அம்மா இன்னும் இரண்டு கரும்பு கூடவே கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பங்குனிப் பொங்கல் சமயத்தில் மறுபடியும் ஊருக்கு வந்தார். இம்முறை என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். “மொழிபெயர்ப்பு வேண்டாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. வேப்பமரத்தடியில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அக்காவும் தங்கையும் பெட்டி ஒட்டிக்கொண்டே பேசினார்கள். அக்கா ஒட்டியவை கோணல்மாணலாக இருந்ததால் எல்லாவற்றையும் பிரித்து ஒட்டவேண்டியதாயிற்று.

என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. அன்றிரவு படுக்கையில் தங்கை, “அந்த அக்கா பாத்திரம் கழுவித்தான் படிக்குதாம்ல?” என்றாள். சற்றுப் பொறுத்து, “வேலையும் பாத்துக்கிட்டே படிக்கலாமாக்கா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அதற்கு முன் நானல்லவா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்?

கோடை விடுமுறையிலிருந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குப் பாடம் சொன்னேன். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இருமுறை தவறினாள். மூன்றாம் முறை எழுத மறுத்துவிட்டாள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை வைப்பதைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவள் குழந்தை அல்ல, குழந்தைக்குத் தாய். அக்காவின் கடிதங்கள் சில ஆண்டுகள் நீல உறையில் வந்தன, பிறகு நின்றுவிட்டன. இருவரும் வீடு மாறியிருப்போம்.

சகோதரி கேட்டது பயனுள்ள செய்தி அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். தங்கையின் இளைய மகள் நம் பள்ளியில்தான் படித்தாள்; இப்போது ஜெர்மனியில் முதுகலை படிக்கிறாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒரு சிறு தொகை உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். கட்டணம் இல்லை என்றதும் துள்ளவேண்டாம். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. எங்கள் குடும்பத்தில் நகை வைத்து, என் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு, கடனும் வாங்கித்தான் காட்டினோம். 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழும் தேவை. இவற்றையெல்லாம் தூதரகப் பக்கத்திலும், ‘டாட்’ என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் பக்கத்திலும் நீங்களே படித்துக்கொள்ளலாம். ஏஜெண்டிடம் பணம் கொடுத்துக் கேட்டுத்தான் தெரியவேண்டும் என்பதில்லை. அமெரிக்கா செல்ல விரும்புவோர்க்கு ஃபுல்பிரைட் உதவித்தொகை உண்டு. 1950 பிப்ரவரியில் இரு நாட்டு ஒப்பந்தத்தால் தொடங்கிய இத்திட்டத்துக்கு 2008 முதல் நேருவின் பெயரும் சேர்ந்தது. அப்போதிருந்து இந்திய அரசும் சம பங்கு பணம் போடுகிறது. அதுதான் பரிமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

அங்கே மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். எங்கள் பிள்ளை ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டப் போகிறாள். கேட்டதும் நான் கலங்கினேன், தங்கையோ, “எத்தனை மணிக்கு பஸ்ஸு?” என்று மட்டும் விசாரித்தாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பெரியம்மா, என்கூட இருக்கிற கொலம்பியாப் பிள்ளை, உங்க அம்மா சின்ன வயசுல என்ன பண்ணாங்கன்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள், அருகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த தங்கை கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“கட்டை அடுக்குனாங்கன்னு சொல்லு. எப்படின்னு கேட்டா எனக்குப் போடு, நானே சொல்லுறேன்.”