அந்தப் பையன் சொன்னதுதான் சரி



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. செவ்வாய்க் கிரகத்துப் பாறையில் செதுக்கி வைத்தது போல ஒரு வாசல். "தாத்தா, அங்கே யாராவது இருந்தாங்களா?" என்று பேத்தி கேட்டாள். 2022 மே மாதம் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படம் அது. வாசல் இல்லை, பாறையில் ஒரு பிளவு. உயரம் சுமார் 30 செ.மீ. பூனை வேண்டுமானால் நுழையலாம். அளவு பார்க்கப் பக்கத்தில் ஒரு பொருளும் இல்லாததால், உள்ளே விழுந்த நிழல் நம் வீட்டு வாசல் போலத் தெரிகிறது.

அவளுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். இரவு தூக்கம்தான் வரவில்லை. என் கணக்கில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலம். 1994 என்று நினைவு. பத்திரிகையில் வந்த ஒரு படத்தை வகுப்பில் காட்டினேன். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயில் எடுத்த 'மனித முகம்'. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. "இதை யாரோ கட்டியிருக்க வேண்டும்" என்று பெரிதாகப் பேசினேன். தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "சார், வெயில் சாய்வா விழுந்தா மணல்மேடு கூட இப்படித்தான் சார் தெரியும்." நான் சொன்ன பதில்: "விண்கலம் விட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சோ?" வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

விண்கலம் விட்டவர்களும் அவன் சொன்னதையேதான் சொல்லியிருந்தார்கள். படத்தை வெளியிட்டபோதே, அது ஒளியும் நிழலும் காட்டும் தோற்றம் என்று நாசா எழுதியிருந்தது. சூரியன் தொடுவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் இருந்தது. மேட்டின் ஒரு பக்கம் முழுக்க இருட்டு. மூக்குத் துளை போலத் தெரிந்த புள்ளி, படம் பூமிக்கு வரும் வழியில் விடுபட்ட தகவல். 1998-லும் 2001-லும் வேறொரு விண்கலம் அதே மேட்டை வேறு வெயிலில், பல மடங்கு தெளிவாகப் படமெடுத்தது. முகம் இல்லை. காற்றும் காலமும் அரித்த ஒரு குன்று, அவ்வளவுதான். செய்தியைப் படித்தபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். இருந்த பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மாதம் பேத்தியுடன் வெள்ளிக் கடற்கரைக்குப் போனேன். சூரியன் கடலிலிருந்து எழும் நேரம். ஒவ்வொரு கால்தடத்திலும் பாதி நிழல். அவள் எடுத்த படத்தைச் செல்போனில் தலைகீழாகத் திருப்பியதும் பள்ளமெல்லாம் மேடாகத் தெரிந்தது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மனது தானாக முடிவு செய்துகொள்கிறது. நண்பகலில் அதே மணல் வெறும் தட்டையாகக் கிடந்தது.

அதற்காக நிழல் என்றாலே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே சிதம்பரம் கோயில் சுவரில் தேய்ந்துபோன கல்வெட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், படிக்க வரும். ஒரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதுதான் தவறு.

நம் மதுரைக்காரர் சண்முக சுப்பிரமணியன் இதற்கு நல்ல உதாரணம். 2019 செப்டம்பரில் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்து நொறுங்கியது. நாசா கலம் முதலில் படமெடுத்தபோது அங்கே அந்தி நேரம். நீண்ட நிழல்களில் எதுவும் பிடிபடவில்லை. சென்னையில் வேலை பார்த்த இந்தப் பொறியாளர், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளியைக் கண்டுபிடித்தார். உடனே கொண்டாடவில்லை, நாசாவுக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் நல்ல வெயிலில் மீண்டும் எடுத்த படங்களோடு சரிபார்த்து, டிசம்பர் 2 அன்று உறுதி செய்தார்கள்.

அன்று நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். "சரி தம்பி, வா, மணலில் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். கடற்கரை நடந்து போகும் தூரம்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அவனோடு தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். தம்பி, நீ சொன்னதுதான் சரி. முப்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்