மாரிக்குப்பம் போகும் வழியில் ஒரு மெக்சிகோ வேலி

பங்காருப்பேட்டையில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து கோலார் தங்கவயலுக்குள் நுழைகிறது ரயில். கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். சென்னையிலிருந்து வந்த பயணி சன்னல் வழியே தேடியது தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகளை. முதலில் கண்ணில் பட்டதோ முள்முனை மடல்களை விரித்து நின்ற ஆனைக்கற்றாழை.

"மாடு பூராம இருக்க வெச்ச வேலி சார் அது. நார் உரிப்பாங்க. வேற இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் எதிரே இருந்த பெரியவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும்வரை அதில் இறங்கியவர்.

இந்தக் கற்றாழையின் தாய்நாடு மெக்சிகோ. அங்கே இதன் இனத்திலிருந்துதான் மெஸ்கால் வடிக்கிறார்கள். மடல்களைச் சீவி எறிந்தால் அன்னாசி போல ஒரு குருத்துக்கட்டை மிஞ்சும். குழியில் விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கட்டைகளை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி நாள் கணக்கில் சுடுவார்கள். மெஸ்காலின் புகைவாசம் அந்தக் குழியில் பிறப்பது. சுட்டதைக் குதிரை இழுக்கும் கல் உருளையில் நசுக்கி, புளிக்கவைத்து, செம்புப் பானையிலோ மண்பானையிலோ வடிக்கிறார்கள்.

நெடுங்காலம் அது ஏழைக் குடியானவனின் சரக்கு. புட்டிக்குள் புழு மிதக்கும் வேடிக்கைப் பொருள் என்பதே வெளியூரில் அதற்கிருந்த பெயர்.

1994-ல் மெக்சிகோ அரசு மெஸ்கால் என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு தந்தது. மறு ஆண்டு ரான் கூப்பர் என்ற அமெரிக்கக் கலைஞர் 'டெல் மகே' நிறுவனத்தைத் தொடங்கினார். வஹாகா மாநிலத்தில் ஊர் ஊராக வாங்கிய சரக்கை அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. எந்த ஊரில் வடித்ததோ அந்த ஊர்ப் பெயரையே புட்டியில் ஒட்டினார். நியூயார்க் மதுக்கூடங்களில் குக்கிராமங்களின் பெயர்கள் புழங்கத் தொடங்கின. 2011-ல் சுமார் 10 லட்சம் லிட்டராக இருந்த உற்பத்தி 2022-ல் 1.4 கோடியைத் தாண்டியது. அதற்கு விலை கொடுத்தவை காடுகள். முதிர 10, 15 ஆண்டு பிடிக்கும் காட்டுக் கற்றாழைகள் அருகிவருகின்றன. சுடுவதற்கு விறகும் வேண்டுமே.

தங்கவயலின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்துச் சித்தூர்ச் சீமை. தக்காணத்தில் தானாக மண்டிக் கிடந்த ஆனைக்கற்றாழையைக் கவனித்த டெஸ்மண்ட் நாசரேத், அந்த மாவட்டத்தில்தான் சிறிய வடிசாலை அமைத்தார். 2011-ல் அவருடைய 'டெஸ்மண்ட்ஜி' சரக்கு கோவாவில் விற்பனைக்கு வந்தது. டெக்கீலா, மெஸ்கால் என்ற பெயர்கள் மெக்சிகோவுக்கே உரியவை. அதனால் இதைக் கற்றாழை மது என்றுதான் விற்க முடியும்.

பயணி இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். "வேலியக் காய்ச்சிக் குடிக்கிறானுங்களா?"

மாரிக்குப்பத்தில் இறங்கியபோது பாதையோரம் ஒரு செடி, இரண்டு ஆள் உயரத்துக்குப் பூந்தண்டு எழுப்பி நின்றது. வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். சேர்த்துவைத்த சர்க்கரை முழுவதும் அந்தத் தண்டுக்கே போய்விடும். அதனால் மெக்சிகோவில் குருத்திலேயே அதை வெட்டிவிடுவார்கள். மாரிக்குப்பத்துச் செடியை யாரும் வெட்டவில்லை. அடிமடல்கள் வாடத் தொடங்கியிருந்தன.