மலை இறங்கிய தம்பி

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் நிவாரண வேலை பழகிய பலர் பின்னர் வெளிநாடுகளுக்கும் போனார்கள். நானும் அவர்களில் ஒருவன். அச்சேயில் ஒரு வருடம். அங்கிருந்து 2006 இல் இந்தோனேசியாவின் மறுகோடிக்கு, பப்புவா மலைநாட்டுக்கு, என்னை அனுப்பினார்கள். யாஹுக்கிமோ மாவட்டத்தில் 55 பேர் பட்டினியால் இறந்ததாக 2005 டிசம்பரில் செய்தி வந்திருந்தது. பசி என்றார்கள் சிலர், நோய் என்றார்கள் சிலர். எது என்று கேட்டு எழுதிவரும் வேலை என்னுடையது. கையில் 43 கேள்விகள் கொண்ட படிவக்கட்டு.

ஜயபுரவுக்குப் பக்கத்திலுள்ள செந்தானியிலிருந்து வாமெனாவுக்கு விமானம். அன்றைக்குக் கடற்கரையிலிருந்து அங்கே போகத் தரைப்பாதை இல்லை. அரிசி, சீமெந்து, பெற்றோல், சவர்க்காரம் எல்லாமே ஆகாயத்தால்தான் வந்தன. கரையில் விற்கும் விலை மலையில் பல மடங்காகிவிடும். வாமெனா ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரம். நுவரெலியாவில் நடுங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த இரவுகளை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1938 இல் ஆர்ச்போல்ட் என்ற அமெரிக்கர் விமானத்திலிருந்து பார்த்து 'கண்டுபிடித்த' பள்ளத்தாக்கு இது. அவர் மேலிருந்து கண்டதோ வாய்க்கால் வெட்டி, பாத்தி கட்டி, ஒழுங்காகப் பயிரிட்டிருந்த தோட்டங்களை. யாரை யார் கண்டுபிடித்தது?

எனக்கு மொழிபெயர்க்க வந்த தம்பி வலேசிக்காரன். வாமெனாவுக்கு அருகிலுள்ள வலேசியில் டானி மக்களில் ஒரு பகுதியினர் 1970களிலிருந்து முஸ்லிம்கள். முதல் நாளே என்னைக் "காக்கா" என்று அழைத்தான். திடுக்கிட்டுப் போனேன். எங்களூரில் மூத்த சகோதரனைக் கூப்பிடும் அதே சொல். பப்புவாவின் மலாய் வழக்கிலும் மூத்தவர் 'காக்கா'தானாம். உம்மா வீட்டுச் சொல் ஒன்று எனக்கு முன்னதாகவே அந்த மலைக்கு வந்து காத்திருந்ததுபோல இருந்தது.

குரிமாவுக்கும் அப்பால், பாலியெம் ஆறு மலையைப் பிளந்துகொண்டு இறங்கும் பக்கத்தில் அந்தக் கிராமம் இருந்தது. சரிவான புல்வெளி ஒன்றுதான் விமான ஓடுபாதை. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். காரணம் பின்னால் விளங்கும்.

வட்டமான, புல் வேய்ந்த 'ஹொனாய்'களில் ஆண்கள் படுப்பார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு குடிசைகள். யன்னல் கிடையாது. நடுவில் நெருப்பு, தாழ்ந்த வாசல். குளிருக்கு அது காவல். நெஞ்சுக்கு அதுவே எதிரி. இரவு முழுக்க ஒவ்வொரு கூரைக்குக் கீழிருந்தும் இருமல் கேட்கும். விடிந்ததும் பெண்கள் நெற்றியில் 'நொக்கென்' என்ற நார்ப்பையை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறுவார்கள். பைக்குள் கிழங்கு இருக்கும், விறகு இருக்கும், சில வேளை கைக்குழந்தையும் இருக்கும். அந்தப் பையை 2012 இல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சுமக்கும் முதுகுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

உணவு வற்றாளைக் கிழங்குதான். அவர்கள் மொழியில் 'ஹிப்பேரே'. சுட்டுத் தோலோடு பிய்த்துத் தருவார்கள். உப்பு அருமை. ஜிவிக்கா பக்கத்திலுள்ள உப்பு ஊற்றில் வாழைத்தண்டை ஊறவைத்துக் காயவிட்டு எரித்து, அந்தச் சாம்பலைத்தான் முன்னோர் உப்பாகப் பாவித்தார்கள் என்று தம்பி சொன்னான். கடலுக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு உப்பின் விலை அன்றுதான் தெரிந்தது.

என் படிவத்தின் 7ஆவது கேள்வி: "நாளொன்றுக்கு எத்தனை வேளை உண்கிறீர்கள்?" தம்பி மொழிபெயர்த்ததும் பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி கையை விரித்துக் காட்டினாள். "கிழங்கு இருக்கும்போது உண்போம். மழை விடாமல் பெய்து கிழங்கு மண்ணுக்குள் அழுகினால் உண்ணமாட்டோம். இதில் எண்ண என்ன இருக்கிறது?" விரித்த அந்தக் கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன. சொந்தம் இறந்தால் பெண்களின் விரலைத் தறிப்பது பழைய துக்க வழக்கம். இப்போது விட்டுவிட்டார்கள். அவளுடைய கணக்கு அந்தக் கையிலேயே இருந்தது. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் விருந்து வைத்தார்கள். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, குழியில் புல்லும் இலையும் பரப்பி, கிழங்கும் கீரையும் இறைச்சியும் அடுக்கி மூடி அவிப்பது அவர்களின் பெருவிருந்து. பன்றியில்லாமல் அது நடப்பதில்லை. எப்படி மறுப்பது என்று இரவெல்லாம் வார்த்தை தேடினேன். காலையில் பார்த்தால், பக்கத்தில் இன்னொரு சிறு குழி. புதிதாக ஆற்றிலிருந்து எடுத்து வந்த கற்கள். ஊர்ப் பெரியவர் தன்னிடமிருந்த ஒரேயொரு கோழியைத் தம்பியிடம் நீட்டி, "நீயே அறு" என்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள். "வலேசியில் உள்ள எங்கள் உறவினர் வந்தால் இப்படித்தான் செய்வோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். பட்டினியைக் கணக்கெடுக்கப் போனவனுக்குப் பட்டினி கிடந்த ஊர் தனிக்குழி வெட்டியது. நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிரவே ஒரு சிறுவனுக்கு மூச்சு முட்டியது. இரண்டு வயதிருக்கும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே போனது. ஊரில் சுகாதார நிலையம் இருந்தது. பலகைக் கட்டடம், தகரக் கூரை, கதவில் துருப்பிடித்த பூட்டு. தாதி போய் ஐந்து மாதமாம். சம்பளம் வாங்க நகரத்துக்குப் போனவர் திரும்பவில்லை என்றார்கள். என்னிடம் பனடோல் மட்டும் இருந்தது.

மறுநாள் எங்களை ஏற்ற விமானம் வர வேண்டும். அங்கே பத்து மணிக்குள் மேகம் மலையை மூடிவிடும். எட்டரைக்குச் சத்தம் கேட்டது. ஒற்றை எஞ்சின் சிறு விமானம். விமானி தராசை இறக்கினார். ஒவ்வொருவரையும் நிறுத்த பிறகுதான் ஏற்றுவார். வேறோர் ஊரிலிருந்து ஏறியவர்களும் மூட்டைகளும் ஏற்கெனவே உள்ளே. மீதி இரண்டு ஆசனம்: எனக்கும் தம்பிக்கும். தாய் பிள்ளையை நொக்கெனில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சில விநாடிகளில் என் மனதில் ஓடியது மறுநாள் ஜயபுரவில் இருந்த கூட்டமும், ஜகார்த்தாவுக்கான டிக்கட்டும்தான். நான் வாய் திறப்பதற்கு முன்பே தம்பி தன் பையை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டான்.

"காக்கா, எனக்குக் கால் இருக்கிறது."

எனக்கும் இருந்தன. அவனைவிட நல்ல சப்பாத்துப் போட்ட கால்கள்.

தாயையும் பிள்ளையையும் நிறுத்தபோது இன்னும் ஆறு கிலோ அதிகம் என்றார் விமானி. அப்போதுதான் நான் என் பையை இறக்கினேன். நான் கொடுத்தது அவ்வளவுதான். அதிலும், படிவக்கட்டை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்தது. வாமெனா வைத்தியசாலையில் ஒன்பது நாள். கூட்டத்தை விட்டுவிட்டு நான் வாமெனாவிலேயே நின்றேன். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை தம்பி வந்து சேர்ந்தான். பாதம் வீங்கியிருந்தது. முதுகில் என் பை. விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "அதில் உங்கள் தொழுகை விரிப்பு இருந்தது" என்றான்.

என் அறிக்கை 31 பக்கம். பூட்டிய சுகாதார நிலையத்தைப் பற்றி அழுத்தமாக எழுதினேன். ஊரின் பெயரையும் போட்டேன். அடுத்த ஆண்டு விசாரித்தபோது, பெயரைக் கொடுத்தது யார் என்று ஊர்ப் பெரியவரைத்தான் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரிந்தது. பூட்டு அப்படியே இருந்ததாம். அதனால்தான் இன்று பெயரை விட்டேன்.

அதன் பின்னர் அந்த மலைகளின் செய்தியைத் தேடித் தேடி வாசிப்பேன். 2015 இல் லன்னி ஜாயாவில் உறைபனி கிழங்கைக் கருக்கியது. 2019 செப்டெம்பரில் வாமெனா எரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். 2022 இல் மலைநாடு தனி மாகாணமாயிற்று. 2023 இல் புஞ்சாக்கில் மீண்டும் வறட்சி, உறைபனி, ஆறு மரணங்கள் என்று செய்தி. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் படிவக்கட்டோடு போயிருப்பார்.

தம்பியின் தொடர்பு எப்போதோ விட்டுப்போயிற்று. தொழுகை விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓர் ஓரத்தில் பாலியெம் மண்ணின் கறை. உம்மா பலமுறை கழுவிப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும் மகன், மண்தானே" என்று விட்டுவிட்டார்.