நடுநிசியில் ஓர் இலை

ஒரு நகரத்தைப் பற்றி அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் கோபுரத்தையும், கடைவீதியையும் கல்லூரியையும் பற்றியே பெரிதும் வினவுவர். இரவு பதினொரு மணிக்குமேல் அந்நகரில் நல்ல உணவு எங்கே கிடைக்கும் என்று வினவுவோர் மிகச் சிலரே. அச்சிலர் யாவர் என்று பார்த்தால், அவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். ஊரை விட்டு வந்தவர்கள்; ரயில் தாமதத்தால் நேரந்தவறி இறங்கியவர்கள்; இரண்டாம் முறை வேலை முடிந்து ஆலையிலிருந்து வெளியேறுகிறவர்கள்; மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள். சொந்த வீடும் சுற்றமும் உடையவன் அந்நேரத்தில் உண்டு உறங்கியிருப்பான். நள்ளிரவுச் சோற்றைப் பற்றிப் பேசுவது ஏறக்குறைய புலம்பெயர்ந்தோரைப் பற்றிப் பேசுவதேயாகும். இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த மலரில் தட்டுக்கடையைப் பற்றி எழுதுவது தகுமோ என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மணிமேகலையும் வர இருக்கிறாள்.

நாம் பிறந்து வளர்ந்தது கோவிந்தாபுரம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, நெம்மாறை வழியாகத் திருச்சூர்ப் பக்கம் செல்லும் சாலையில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் அது. மீன்கரை அணையும் முதலமடையின் மாந்தோப்புகளும் அருகே உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் என்னும் மாநிலம் பிறந்தது. ஆயினும் எங்கள் திண்ணைப் பேச்சு தமிழாகவே இருந்தது. பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மலையாளம் வந்து கலந்தது. இரண்டு மொழிகளிலும் பசி என்றால் பசிதான்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சோதனைச் சாவடி. காய்கறியும் தக்காளியும் கால்நடையும் ஏற்றிவரும் லாரிகள் அந்தி சாய்ந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சீட்டுப் போட்டு, முத்திரை வாங்கி, தடுப்புக் கம்பம் உயரும்வரை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் வேறு வேலை இல்லை. செவ்வாய், வியாழக்கிழமைகளில் பொள்ளாச்சி மாட்டுச்சந்தை கூடும். அந்த இரவுகளில் வரிசை இன்னும் நீளும். காத்திருப்பவனுக்குப் பசிக்கும். பசிப்பவன் இருக்குமிடத்தில் அடுப்பு மூளும். நள்ளிரவு உணவு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு நாம் சிறுவயதிலேயே கற்ற விடை இதுவே: மக்கள் எங்கே வேறு வழியின்றிக் காத்திருக்கிறார்களோ, அங்கே கிடைக்கும்.

சாவடிக்கு அப்பால் புளியமரத்தடியில் ஒரு தட்டுக்கடை இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. ‘அக்கா கடை’ என்றால் இரு மாநிலத்து லாரிக்காரர்களுக்கும் தெரியும். அவள் கணவர் சுமை இறக்கும்போது மூட்டை சரிந்து மாண்டவர். மூன்று குழந்தைகள். பகலில் தோப்பு வேலை. இரவு ஒன்பது மணி முதல் விடியும்வரை கடை. ஆப்பம், முட்டைக்கறி, கட்டன் சாயா, சில நாள்களில் கப்பைக்கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும். நம் தந்தையார் லாரி ஓட்டுநர். அவர் முறை வராத இரவுகளில் நம்மையும் அங்கே அழைத்துச் செல்வதுண்டு.

“ஏனுங்கண்ணா, பையனுக்கு இன்னும் ரெண்டு ஆப்பம் வைக்கட்டுங்களா?” என்பாள்.

“வையம்மா. தூக்கத்துல எத்தனை தின்னோம்னு அவனுக்கே தெரியாது” என்பார் தந்தையார்.

கடன் கணக்கு எழுத ஒரு பழைய நோட்டு வைத்திருந்தாள். அதில் ஆள் பெயர் இராது. லாரி எண்தான் இருக்கும். ஓட்டுநர் மாறலாம், வண்டி மாறாது என்பது அவள் கண்ட பொருளாதாரம். வண்டி கைமாறி, புதிய முதலாளியின் ஓட்டுநர் வந்து நின்றபோதும் பழைய பாக்கியை அவள் கேட்டாள் என்றும், அவரும் சிரித்துக்கொண்டே தந்தார் என்றும் தந்தையார் சொல்லிச் சொல்லி மகிழ்வார். வண்டி வராத இடைவெளியில் அவள் அடுப்பருகே உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். ஹாரன் ஒலி கேட்டதும் கை தானாகவே ஆப்பச் சட்டியைத் தேடும்.

நிற்க. பிற்காலத்தில் மதுரைக்காஞ்சியைப் படித்தபோது நமக்கு வியப்புத் தோன்றியது. மாங்குடி மருதனார் மதுரையின் பகற்சந்தையையும் இரவுச்சந்தையையும் தனித்தனியே காட்டுகிறார். இரவுச்சந்தைக்கு அல்லங்காடி என்று பெயர். அத்துடன் நில்லாமல் இரவை யாமம் யாமமாகப் பகுத்து நகரைச் சுற்றி வருகிறார். கடைகள் அடைக்கப்பட்டு ஊர் ஒடுங்கும் வேளையில், அடையும் இனிய பண்டமும் செய்து விற்கும் கூவியர் தங்கள் பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிவிழுவதாக ஒரு காட்சி அங்கே வருகிறது. புலவர் அரசனைப் பாட வந்தவர்; ஆயினும் தூங்கி விழும் பலகாரக்காரரை அவர் விட்டுவிடவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது நம் கண்முன் வந்தது புளியமரத்தடியேயன்றி வையைக் கரையன்று.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியைப் பற்றி நம் குழந்தைகளும் அறிவர். அது முதலில் யாருக்கு, எந்த நேரத்தில் கிடைத்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, பகலெல்லாம் இரந்த சோற்றை இல்லாதவர்க்கு ஊட்டிவிட்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் துயில்பவன். ஒருநாள் மழைக்கால நள்ளிரவில், வழிநடந்து களைத்தவர்கள் வந்து அவனை எழுப்பிப் பசிக்கிறது என்றனர். கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. அந்த வேதனையைக் கண்டே தேவி தன் கைப்பாத்திரத்தை அவனுக்குத் தந்தாள். பகல் பசிக்கு அவனுடைய ஓடு போதுமாயிருந்தது. தெய்வம் குறுக்கிட வேண்டியிருந்தது நேரந்தவறி வந்தவரின் பசிக்கேயாகும். சாத்தனார் இதைத் தெரிந்தே அமைத்தார் என்பது நம் துணிபு.

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதற்குச் சான்று உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டு தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி வேறுபாடின்றி வருவோர்க்கெல்லாம் அங்கே சோறு இடப்படுவதையும், அது நள்ளிரவுவரை தொடர்வதையும், நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் இருப்பின் வருக என்று அறிவிக்கப்படுவதையும் அதில் விளக்கினார். அந்த மணியோசையை எண்ணிப் பாருங்கள். இன்று நம் நகரங்களில் அந்த நேரத்தில் ஒலிப்பது கடையை மூடச் சொல்லும் விசில்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டரசு 2019 மே மாதம் ஓர் ஆணை பிறப்பித்து, கடைகளும் நிறுவனங்களும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க மூன்றாண்டுகளுக்கு அனுமதி அளித்தது. 2022இல் அது மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அவ்வாணை பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ பணிபுரியும் இடங்களுக்கானது. புளியமரத்தடி அக்காவிடம் பணியாற்றியவர்கள் அவளுடைய இரு கைகள் மட்டுமே. தள்ளுவண்டிக்காரரையும் நடைபாதை வியாபாரியையும் காக்க 2014இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் ஒன்று உண்டு. நகரந்தோறும் விற்பனைக் குழு அமைத்து, அவர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது அது. சான்றிதழ் பெற்ற வண்டிக்காரரையும் பத்தரை மணிக்கு லத்தி தட்டி எழுப்புவதை நாம் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறோம். குளிரூட்டிய கூடத்தில் நடுநிசியில் உண்பவன் வாடிக்கையாளன். தெருவில் நின்று உண்பவன் ஐயத்திற்குரியவன். இந்த வேறுபாட்டை எந்த ஆணையும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் நடைமுறை அதுவாகவே உள்ளது. பாதுகாப்பு என்று காரணம் சொல்வர். இரவில் ஆளற்ற தெருவைவிட, ஓர் அடுப்பும் நான்கு பேரும் உள்ள தெருவே அச்சமின்றி நடக்கத்தக்கது என்பது இரவு வேலைக்குச் சென்றுவரும் பெண்களுக்குத் தெரியும்.

நாம் 1979இல் பம்பாய்க்கு வந்தோம். தாதர் நிலையத்தில் இறங்கியபோது நள்ளிரவு கடந்திருந்தது. கையில் ஒரு முகவரி, ஒரு தகரப்பெட்டி. உறவினர் வீட்டுக் கதவை அந்நேரத்தில் தட்டக் கூச்சம். மாதுங்கா நோக்கி நடந்தபோது ஒரு பாலத்தடியில் விளக்கொளி தெரிந்தது. அங்கே அலுமினியப் பாத்திரத்துடன் ஒரு பெரியவர். தமிழ் முகம் தமிழ் முகத்தை எப்படியோ கண்டுகொள்கிறது.

“எந்த ஊருய்யா?”

“கோவிந்தாபுரம், அண்ணாச்சி. பாலக்காட்டுப் பக்கம்.”

“நமக்குத் திருநெவேலி. மொதல்ல சாப்பிடு. காசு நாளைக்குத் தா, நாளான்னைக்குத் தா.”

நான்கு இட்லி, தண்ணீராய் ஓடும் சாம்பார். அதைக் காட்டிலும் சுவையான இட்லியைப் பின்னர் எவ்வளவோ உண்டிருக்கிறோம். ஆயினும் இந்நகரில் இருந்துவிடலாம் என்ற எண்ணம் நமக்கு எங்கே தோன்றியது என்று கேட்டால் அந்தப் பாலத்தடியைத்தான் சொல்வோம். அன்று ஆலைகளில் மூன்று முறை வேலை நடந்தது. மூன்றாம் முறைக்காரர் இருந்தவரை அண்ணாச்சிக்கு வியாபாரம் இருந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் மீண்டும் உயிர்பெறவே இல்லை. சங்கு ஓய்ந்தது, பாலத்தடி விளக்கும் ஒருநாள் காணாமற் போயிற்று. தாராவியில் இன்றும் விடியலுக்கு முன்பே இட்லி அவித்து, மிதிவண்டியில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நகரெங்கும் புறப்படும் நம்மவர்கள் உள்ளனர். உறங்கி எழும் நகரம், தான் உறங்கியபோது யார் விழித்திருந்தார் என்று கேட்பதில்லை.

நம்மவர் கடல் கடந்தபோதும் இவ்வாறே. பினாங்கில் ‘நாசி கந்தர்’ என்னும் சோறு புகழ்பெற்றது. தோள்தடியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்குக் கொண்டுசென்ற தமிழ் முஸ்லிம்கள் தந்த உணவு அது; ‘கந்தர்’ என்பது அத்தோள்தடியின் மலாய்ப் பெயர். கோலாலம்பூரில் விடிய விடியத் திறந்திருக்கும் ‘மாமாக்’ கடைகளின் பெயரில் நம் ‘மாமா’ ஒளிந்திருக்கிறார். மலாயரும் சீனரும் தமிழரும் நள்ளிரவில் ஒரே மேசையில் ரொட்டி பிய்த்து உண்ணும் இடம் அது. கொழும்பில் இரவு நேரத்துக் கொத்துரொட்டியின் தகட்டோசை, தெருக்கோடியிலிருந்தே வழிகாட்டும். இவற்றைச் சுற்றுலாப் புத்தகங்கள் இன்று அந்நாடுகளின் பெருமையாக எழுதுகின்றன. எழுதட்டும். தொடங்கியவர்கள், திரும்பிச் செல்ல வழியின்றி வெளியூரில் விழித்திருந்த நம் பாட்டனார்கள்.

எங்கள் ஊருக்கும் மாற்றம் வந்தது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. லாரி நிற்க வேண்டியதில்லை. ஓட்டுநருக்கு நேரம் மிச்சம், முதலாளிக்கு டீசல் மிச்சம். இதைக் குறைகூற நாம் யார்? தந்தையார் உயிரோடிருந்தால் கைதட்டி மகிழ்ந்திருப்பார். வாழ்நாளில் எத்தனை இரவுகளை அந்த வரிசையில் தொலைத்தவர் அவர்! ஆனால் காத்திருப்பு ஒழிந்தபோது அதை நம்பி எரிந்த அடுப்புகளும் ஒவ்வொன்றாக ஒழிந்தன. எஞ்சியவற்றை 2020 மார்ச் மாத ஊரடங்கு பார்த்துக்கொண்டது. அக்கா அதற்கு முன்பே கடையை நிறுத்திவிட்டாள். அவள் பிள்ளைகள் மூவரும் படித்து வேலைக்குப் போய்விட்டனர். ஒருத்தி செவிலியாக வெளிநாட்டில் இரவுப் பணி பார்க்கிறாளாம். அவளுக்கு அந்நேரத்தில் சூடாக ஏதேனும் கிடைக்கிறதா என்று, சென்றமுறை ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா நம்மிடம் கேட்டாள். வெளிநாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் நாம் என்று அவள் எண்ணம்.

விடுமுறைக்குக் குடும்பத்துடன் ஊர் செல்லும் அன்பர்களுக்காக இன்னும் சில சொற்கள். நள்ளிரவில் இறங்கினால் விளக்கலங்காரம் மிக்க விடுதியைத் தேடி அலைய வேண்டா. எந்த ஊராயினும் பேருந்து நிலையத்தின் வெளிப்புறம், அரசு மருத்துவமனை வாயில், காய்கறிச் சந்தை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். லோடு இறக்குபவர் எங்கே நின்று உண்கிறாரோ அங்கே பண்டம் பழையதாயிராது, விற்றுத் தீர்ந்துகொண்டே இருக்கும். மதுரையில் எந்த யாமத்திலும் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பம் பக்கம் செல்வோர் விடியலுக்கு முன் எழுந்தால், இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் புறப்படும் பெண்களுக்காகத் திறந்திருக்கும் தேநீர்க்கடைகளைக் காணலாம். பாலக்காட்டில் பகலிலேயே இறங்குவோர் ராமசேரி இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்வது நலம். காஞ்சிபுரத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானை வாயில் துணி விரித்து அவிக்கும் தட்டையான இட்லி அது; மறுநாள்வரை கெடாது. பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தருவார்கள்.

கோவிந்தாபுரம் வழியே செல்வோர் மாம்பழக் காலத்தில் செல்லுங்கள். முதலமடை மாங்காய் ஜனவரியிலேயே வந்துவிடும். டில்லிவரை போகும் சரக்கு அது. தோப்புகளில் பெட்டி கட்டும் வேலை இரவிலும் நடக்கும் அந்த மாதங்களில் சாலையோரம் ஓரிரு அடுப்புகள் மீண்டும் எரியும். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நடுநிசியில் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு அவர்களிடம் மீதி இராது.