எச்சரிக்கை மட்டும்தான்

அந்த இயந்திரத்தின் பாஷையில் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு லைப்ரரி என்று பெயர். கோப்புகளில் நேரும் மாற்றங்களை நேர்ந்த வரிசையிலேயே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஜர்னல் என்று பெயர். ஒரு ஞாயிறாவது புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மறந்திருக்கலாம் என்று வங்கியின் கணினி அறைக்குப் போனேன். இந்த இரண்டு சொற்களும் அங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தன.

நடந்தது ஓர் ஒத்திகை. பிரதான இயந்திரம் பாழானால் என்ன செய்வது என்று பார்ப்பதற்காக, டேப்பில் சேமித்த ஒரு லைப்ரரியை வேறோர் இயந்திரத்தில் மீட்டுவைப்பது. 1988இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வந்த ஐபிஎம் இயந்திரத்தின் வாரிசு அது. இன்று அதன் இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்று பெயர். என் வேலை குமாஸ்தா வேலைதான். அச்சடித்த பட்டியலில் உள்ள 40 கணக்குகளின் இருப்பைத் திரையில் தெரியும் இருப்போடு ஒப்பிட வேண்டும். நாற்பதும் பைசா பிசகாமல் சரியாக இருந்தன. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போடும்போதே பக்கத்துத் திரையில் வரிவரியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே செய்தி: கோப்பு மீட்கப்பட்டது, ஜர்னலில் பதிவது தொடங்கப்படவில்லை. இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞரைக் கேட்டேன். "எச்சரிக்கை மட்டும்தான் சார், எரர் இல்லை" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பசியும் ஒரு காரணம்.

சாப்பிட்டு வந்த பிறகு இரண்டு புரோகிராம்களை ஓட்டினார்கள். முதலாவது, பணம் போடுவதும் எடுப்பதும். ஒரு நடவடிக்கை முழுதாக நடக்க வேண்டும், அல்லது நடக்கவே கூடாது என்ற கட்டுப்பாட்டின் கீழ் இயங்குவது. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குப் பழைய நிலை எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத ஜர்னல் இல்லாததால் அது கோப்பைத் திறக்கவே மறுத்துவிட்டது. இரண்டாவது, வட்டி போடும் புரோகிராம். அதற்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அது கடைசிவரை ஓடி, இருப்புகளையெல்லாம் மாற்றிவிட்டு, சந்தடியில்லாமல் முடிந்தது. எந்தக் கணக்கு எப்போது மாறியது, மாறுவதற்கு முன் என்னவாக இருந்தது என்று கேட்டேன். பதில் சொல்ல அந்த இயந்திரத்தில் எதுவும் இல்லை. மறுத்த புரோகிராமைத்தான் எல்லாரும் திட்டினார்கள். யோக்கியமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

காரணம் சிக்கலானதல்ல. ஜர்னலை வேறொரு லைப்ரரியில் வைத்திருந்தார்கள். சேமித்ததோ கோப்புகள் இருந்த லைப்ரரியை மட்டும். மீட்கப்படும் கோப்பு தன் ஜர்னலைப் பெயர் சொல்லித் தேடுகிறது. கிடைத்தால் பதிவு தானாகத் தொடங்கும். கிடைக்காவிட்டால் ஒரு வரி எச்சரிக்கையோடு கோப்பு மட்டும் வந்து சேரும். இரண்டும் ஒரே லைப்ரரியில் இருந்திருந்தால் இயந்திரமே ஜர்னலை முதலில் மீட்டிருக்கும். கோப்பின் விவரத்தைத் திரையில் வரவழைத்தோம். இப்போது ஜர்னலில் பதிவாகிறதா என்பதற்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே, கடைசியாகப் பதிவான ஜர்னலின் பெயர் மட்டும் அழியாமல் நின்றது.

பரிகாரமும் வரிசைக் கிரமமானது. விடுபட்ட லைப்ரரியை உண்டாக்கி, பதிவுகள் உண்மையில் போய்ச் சேரும் ரிசீவரை முதலில் உருவாக்கி, அதை ஜர்னலோடு இணைத்து, கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் பதிவைத் தொடங்க வேண்டும். உடனே எல்லாவற்றையும் மறுபடி சேமிக்க வேண்டும். பதிவு தொடங்கிய பிறகு சேமித்த பிரதியின் மேல்தான் பின்னால் வரும் பதிவுகளைப் பொருத்த முடியும். இடையில் வட்டி புரோகிராம் செய்த மாற்றங்களுக்கு மட்டும் பரிகாரம் இல்லை. அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்ப மீட்டார்கள்.

வங்கிக்காரனுக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கக் கூடாது. பேரேட்டில் இருப்பது நிலை. குறிப்பேட்டில் இருப்பது நிகழ்ச்சி. நிலை சரியாக இருப்பது ஒன்று, அந்த நிலைக்கு வந்த வழி தெரிவது வேறொன்று. நான் ஒப்பிட்ட நாற்பதும் நிலைகள்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணம். இரண்டு வருஷங்களுக்கு முன், மறைந்த கவிஞர் ஒருவரின் மொத்தக் கவிதைகளுக்கு மதிப்புரை எழுதினேன். பதிப்பித்தவர் நண்பர். 'கவிஞர் முழுமையாக நமக்கு மீட்டளிக்கப்பட்டிருக்கிறார்' என்று எழுதினேன். கவிதைகளின் அடியில் வருஷம் இல்லை, வெளிவந்த பத்திரிகையின் பெயர் இல்லை, திருத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு கவிதை முதலில் அச்சான இதழ் என் அலமாரியிலேயே இருக்கிறது. அதில் நாலு வரி, தொகுப்பில் மூன்று. மன்னிப்பை நேரடியாகக் கேட்கும் வரியைக் கவிஞர் பின்னால் எடுத்துவிட்டிருக்கிறார். அந்த நீக்கம்தான் அவருடைய பிற்காலக் கவிதைகளின் தொடக்கம் என்பது என் எண்ணம். தொகுப்பை மட்டும் படிப்பவருக்கு அப்படி ஒன்று நிகழ்ந்ததே தெரியாது. நண்பரின் உழைப்பை நினைத்து, இது எச்சரிக்கை மட்டும்தான், பிழையில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைத் தேடியவர். 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு புதுமைப்பித்தன் கதைகளைக் காலவரிசையில் வைத்தது. இவர்களைப் பாராட்டிப் பேசிய வாயால்தான் நானும் அந்த 'முழுமையாக'வைச் சொன்னேன்.

அன்று மாலை கிளம்புமுன் நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். 'இருப்பு மட்டும் சரிபார்க்கப்பட்டது. மாற்றங்களின் பதிவு சரிபார்க்கப்படவில்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்துத் தேதி போட்டேன். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. மதிப்புரைக்கும் அப்படி ஒரு வரி பாக்கியிருந்தது. நண்பர் இதைப் படிப்பார். அந்தப் பழைய இதழை அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.