பிடி என்றால் விடுங்கள்

கர்நாடகாவுக்குப் பிழைக்க வந்த புதிதில் நம்மில் பல பேர் ஏமாந்த வார்த்தை "பிடி". பஸ்ஸில் கண்டக்டர் "தாரி பிடி சார், பிடி" என்று கத்த, நான் மேல்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியை விடச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. நம்ம "விடு" கன்னடத்தில் "பிடு". நம்ம "பிடி" அங்கே "ஹிடி".

சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ராத்திரி அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது.

எங்கள் வீடு சந்தாபுராவில், ஆனேக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன லேஅவுட். பக்கத்து மனைகள் இன்னும் காலி. அன்றைக்கு ராத்திரி ரெண்டரை இருக்கும், கரண்ட் இல்லை. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக் கதவை யாரோ நெம்புகிற சத்தம். தங்கமணிதான் முதலில் கேட்டு என்னை உலுக்கினாள். இருட்டில் கைக்கு அகப்பட்டது பையனுடைய கிரிக்கெட் பேட்.

நான் போவதற்குள் கதவு திறந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் ஓர் ஆள், கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர். "யாருடா?" என்று கத்தினேன். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அவனோ என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். பேட்டை வீசிவிட்டேன். முழங்கைக்குக் கீழே பட்டது. ஸ்க்ரூ டிரைவர் தெறித்து விழுந்தது. அவன் வெளியே ஓடி காம்பவுண்ட் சுவரில் ஏறி, வழுக்கி, அந்தப் பக்கம் காலி மனையில் விழுந்தான்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு சுற்றி ஓடினேன். அவன் எழுந்திருக்க முடியாமல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். இருபது வயசுகூட இருக்காது. அதற்குள் நாலைந்து வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். "போடுங்க சார்", "காலை உடைங்க" என்று ஆளுக்கொரு பாஷையில் குரல். நான் பேட்டை ரெண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

"சாகு, பிடி சார்!"

போதும், விடுங்க. சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடி ரெண்டு நாள் வலித்தது. அவரே 112-க்கு அடித்தார். போலீஸ் வந்து அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது.

காலையில் பையன் கேட்டான். மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"அப்பா, உள்ள வந்தப்போ அடிச்சீங்க, சரி. கீழ விழுந்தப்புறம் எதுக்கு பேட்டைத் தூக்கினீங்க?"

பதில் வரவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பெரியவர் காபி கொடுத்து, பாதி தமிழ் பாதி கன்னடத்தில் பாடம் எடுத்தார். அப்புறம் நானும் உட்கார்ந்து சட்டப் பிரிவுகளைப் படித்தேன்.

1860-லேயே இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த உரிமையை எழுதி வைத்துவிட்டது, 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபிறகு அவை 34 முதல் 44 வரை. எண் மாறியதே தவிர, சாரம் பெரிதாக மாறவில்லை. தன் உடம்பை மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பையும் சொத்தையும் காக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான பயம் வந்தாலே உரிமை தொடங்கிவிடும். உயிரே போகும், கொடுங்காயம் வரும், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு என்ற மாதிரி பயம் இருந்தால், தாக்கியவன் செத்துப்போனாலும் அது குற்றமில்லை. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்திலும் சட்டம் அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது. வெறும் திருட்டுக்குக் கிடையாது. பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவனைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் மதுரையில், குடித்துவிட்டு வந்து பெற்ற மகளிடமே அத்துமீறிய கணவனை ஒரு தாய் கிரிக்கெட் பேட்டால் அடித்தார். அவன் செத்துப்போனான். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், 100-வது பிரிவின்படி இது தற்காப்பு என்று அவரை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய வந்தவனைக் கொன்ற 19 வயசுப் பெண்ணையும் போலீஸ் அதே பிரிவில் விடுவித்தது. 2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்தில், அரிவாளோடு வந்த முகமூடித் திருடர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் விரட்டிய வயசான தம்பதியின் சிசிடிவி காட்சியைப் பார்க்காத தமிழர் உண்டா? அரசாங்கமே அவர்களுக்கு விருது கொடுத்தது.

உச்ச நீதிமன்றமும் இதில் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 1950-ல் மத்தியப் பிரதேசத்து கட்னியில் நடந்த கலவரத்தில், தன் கடைக் கதவை இடித்த கூட்டத்தைச் சுட்டவரை 1952-ல் விடுதலை செய்தது. உயிர்ப்பயத்தில் இருப்பவன் எவ்வளவு அடித்தான் என்பதைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தர்ஷன் சிங் வழக்கில் 2010-ல் வந்த தீர்ப்பும், சட்டத்தை மதிக்கும் குடிமகன் ஆபத்தின் முன் கோழையாக ஓட வேண்டியதில்லை என்றது. பழிவாங்க இந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது.

பெரியவர் என்னை நிறுத்திய இடம் அதுதான். போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. முக்கியமாக, பயம் இருக்கும்வரைதான் உரிமை. வீட்டை உடைத்து வந்தவன் வெளியே போய்விட்டால் அதோடு முடிந்தது.

"சார், நீங்க உள்ள அடிச்சது நூறு அடின்னாலும் நான் சாட்சி சொல்வேன். வெளியில ஒரு அடி போட்டிருந்தா, நீங்கதான் அக்யூஸ்டு," என்றார்.

அப்படியானால் பிடிக்கவே கூடாதா? பிடிக்கலாம். கண் முன்னால் இந்த மாதிரிக் குற்றம் செய்பவனைப் பொதுமக்களும் பிடித்து வைக்கலாம். இப்போதைய சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்து வைப்பது வேறு, கம்பத்தில் கட்டி அடிப்பது வேறு.

இதே பெங்களூருவில், 2018 மே மாதம், சாம்ராஜ்பேட்டை பக்கம் ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வதந்தியில் கூட்டம் கட்டிப்போட்டு அடித்தது. ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்தவர். செத்துப்போனார். அவர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது கொஞ்சம் கூடவே உறைக்க வேண்டும். தெருவில் முகம் தெரியாத ஆள், பாஷை சரியாக வராத ஆள் என்று பார்த்தால், ஒரு காலத்தில் நாம்தான் அது.

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"உள்ள அடிச்சது பயத்துலடா. வெளியில தூக்கினது கோபத்துல. எல்லாரும் பாக்குறாங்கங்கிற வீராப்பும் இருந்துச்சு. அது தப்பு."

"தாத்தா பிடிக்கலைன்னா அடிச்சிருப்பீங்களா?"

"அடிச்சிருப்பேன்."

பொய் சொல்லியிருக்கலாம்தான். மனசு வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

பி.கு: நான் வக்கீல் இல்லை, ஆணி புடுங்குகிற ஆசாமி. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்தால் முதலில் 112, அடுத்து ஒரு நல்ல வக்கீல். பின்கதவுக்கு இரும்பு கிரில் போட்டாகிவிட்டது. பேட் பழையபடி பையன் அறையிலேயே இருக்கிறது.