ஒரு கூடைக் காளான்



மழைக்காலத்தில் காளானைக் கண்டால் நாவில் நீர் ஊறாதவர் நம்மில் யார்? நான் செய்யவிருந்த தவற்றை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு அருகே, புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் பூமி. ஐப்பசியில் இடியுடன் மழை பெய்த மறுநாள் புற்றுக்காளான் தேடிப் போவது இங்கே தலைமுறை வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற என் மகளும் அவளுடைய தோழியரும், அறிவியல் ஆசிரியையின் வழிகாட்டலில் ஊர்க் காளான்களை ஆராய்ந்து வந்தனர். முந்திரித் தோப்பின் சருகில், பட்ட மரத்தில், சாணக் குவியலில் எது எங்கே முளைக்கிறது என்று குறிப்பேட்டில் வரைந்து வைத்தனர். "காளான் செடியன்று அத்தா. அதற்குப் பச்சையம் இல்லை. உதிர்ந்ததையும் பட்டதையும் செரித்து மண்ணுக்கே திருப்பித் தருகிறது" என்பாள் மகள்.

புற்றுக்காளானின் வாழ்வோ பெரும் வியப்பு. கறையான்கள் தாம் மென்ற சருகையும் மரத்துகளையும் புற்றுக்குள் கூடுபோல் அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. மரத்தின் கடினப் பகுதியைப் பூஞ்சை பக்குவப்படுத்தித் தர, கறையான்கள் உண்கின்றன. மழை வந்ததும் அதே பூஞ்சை நீண்ட வேர் போன்ற காம்பை மேலே செலுத்தி, மண்ணைப் பிளந்து குடை விரிக்கிறது. இப்பேரினத்திற்கு 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். அவர் பெயராலேயே தென்னிந்தியக் காளான் ஒன்றை 'டெர்மிட்டோமைசஸ் ஹைமி' என 1979-இல் உலகிற்கு அறிவித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்.

சென்ற ஆண்டு ஒருநாள் மக்ரிபுக்குச் சற்று முன்பு, கண்மாய்க்கரைப் புல்தரையில் பறித்த வெண்காளான்களுடன் வீடு திரும்பினேன். "வெள்ளிக் காசைப் போட்டு வேக வை, கறுக்காவிட்டால் நஞ்சில்லை" என்று மனைவியிடம் பெருமையாகக் கூறினேன். காசு கறுக்கவில்லை. கூடையில் எஞ்சியதைப் புரட்டிப் பார்த்த என் தாயார், "புற்றில் வேர் இறங்கியிருந்ததா?" என்று கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். மகள் அடுப்பையே அணைத்துவிட்டாள்.

"ஓர் இரவு பொறுங்கள் அத்தா" என்றவள், காளான் குடையொன்றை வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடினாள். அன்றிரவு இரசமும் அப்பளமும்தான். எனக்கோ கோபம் அடங்கவில்லை.

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து கிண்ணத்தை எடுத்தோம். குடையின் அடிப்புற மடிப்புகளின் தடம் தாளில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. நிறம் பச்சை! புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சைத் தூள் உதிர்ப்பதோ கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுக்காளான். ஆறு பேர் உண்ணவிருந்த கூடை அது. எங்கள் கடைக்குட்டிக்கு வயது மூன்று. என் கைகள் நடுங்கின.

சகோதர சகோதரிகளே! வெள்ளி, மஞ்சள், பூண்டு என வழங்கும் சோதனைகள் எவையும் நம்பத்தக்கவை அல்ல. தடம் பச்சையாக இல்லை என்பதாலும் ஒன்றை உண்டுவிடலாகாது. உயிரைப் பறிக்கும் காளான்களில் பலவற்றின் தூள் வெள்ளையே. ஐயம் எழுந்தால் எறிந்துவிடுங்கள்.

அரபுப் பாலையில் செடிகளின் வேரோடு உறவாடி மண்ணுக்கடியில் வளரும் 'கம்ஆ'வை மன்னு வகையைச் சார்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நீங்கள் அறிவீர்கள். இறைவனின் அருட்கொடைதான்; ஆயினும் கொடையை அறிந்து கொள்வதும் நம் கடமையன்றோ?

இப்போது மழை பெய்தால் என் தாயார் முன்னே நடந்து புற்றுகளைக் காட்டுகிறார்கள். பேத்தி பின்னே குறிப்பேட்டுடன் செல்கிறாள். ஒருவர் அனுபவத்தாலும் மற்றவர் கல்வியாலும் கண்டது ஒன்றே. இடையில் நின்று சிரித்தவன் நான் மட்டுமே. பச்சைத் தடம் பதிந்த அந்தத் தாளை அலமாரியில் பத்திரப்படுத்தியுள்ளேன். அல்ஹம்துலில்லாஹ்!